காற்றுச் சேதமும் கணக்கில் வராதவர்களும்

பருவம் மாறும் மாதங்களில் குருண் வட்டாரத்துத் தோட்டங்களில் பலத்த காற்று வீசுவது புதிய செய்தியன்று. ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடியும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும், பிற்பகல் வேளையில் ஜெராய் மலைப்பக்கம் வானம் கறுத்துவிட்டால், கொடியில் காயும் துணியை எடுத்து முடிப்பதற்குள் லயத்துக் கூரைத் தகரம் தடதடக்கத் தொடங்கிவிடும். சில நாட்களில் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து விடியற்காலையிலேயே 'சுமத்ரா' காற்று புறப்பட்டு வரும். அந்த நேரத்தில் வெட்டுக்காரர் மரத்தடியில் இருப்பார். அவர் தலைக்கு மேலே காய்ந்த கிளை இருக்கும். பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு இவற்றை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

காற்று ஓய்ந்த மறுநாள் நடக்கும் ஒரு காரியத்தைப் பற்றியே இன்று எழுத முன்வந்தோம். அதுதான் சேதக் கணக்கெடுப்பு. யார் கணக்கெடுக்கிறார்? எதை எண்ணுகிறார்? எதை எண்ணாமல் விட்டுவிடுகிறார்? அந்தத் தாள் எங்கே போய்ச் சேருகிறது? உதவிப் பணமானாலும், கூரைத் தகரமானாலும், வேலை நாளுக்கான கூலியானாலும், தாளில் பெயர் இருந்தால்தான் பேச்சுக்கே இடமுண்டு. ஆகவே, சேதக் கணக்கு ஆபீஸ் சம்பந்தப்பட்ட விஷயம், நமக்கென்ன என்று தொழிலாளி ஒதுங்கியிருப்பது சரியன்று என்பது நம் அபிப்பிராயம்.

இதனை எழுதும் நாமும் ஒரு தோட்டத்துக் கிராணியே. சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் ஒரு நாள் மாலை நான்கு மணிக்குக் காற்று அடித்தது. கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. மறுநாள் பிரட்டு முடிந்ததும் மேலிடத்து உத்தரவு வந்தது: பன்னிரண்டு மணிக்குள் சேத விவரம் வேண்டும். கொடுக்கப்பட்ட தாளில் கட்டங்கள் போடப்பட்டிருந்தன. காட்டு நம்பர், நட்ட ஆண்டு, முறிந்த மரம், வேரோடு விழுந்த மரம், சாய்ந்து நிற்கும் மரம், கட்டடச் சேதம். மண்டோரும் நாமும் மோட்டார் சைக்கிளில் காடு காடாகச் சென்று எண்ணினோம். மரங்களை ஒன்று விடாமல் எண்ணினோம். கட்டடம் என்ற கட்டத்தில் ஸ்டோரும், பால் நிறுக்கும் கொட்டகையும், செக்ரோலில் பெயருள்ளவர்களின் நான்கு வீடுகளும் ஏறின.

திரும்பி வரும்போது லயத்தின் கடைசி வீட்டு வாசலில் நின்ற பாட்டி ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதே தோட்டத்தில் மரம் வெட்டி ஓய்ந்தவர். அவருடைய வீட்டின் பின்கட்டுக் கூரை முழுவதும் பறந்து, அரிசி வாளியில் தண்ணீர் நின்றது.

"கிராணி ஐயா, நம்ம வீட்டையும் எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

"பாட்டி, உங்க பேரு செக்ரோல்ல இல்லீங்களே" என்றோம்.

அவர் கோபிக்கவில்லை. "அப்ப காத்து மட்டும் செக்ரோலப் பாக்காம அடிச்சிருச்சுங்களாய்யா?" என்றார்.

நமக்கு விடை சொல்ல வாய் வரவில்லை. தாளின் அடியில் பேனாவால் அவர் வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதிக்கொண்டோம். கணினியில் ஏற்றும்போது, கட்டத்தில் இல்லாததைச் சேர்க்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை வந்தது. கீழ்ப்படிந்தோம். அந்த வரியை விட்டவர் வேறு யாருமல்லர், நாமேதான். அதே காற்றில் நிரை இழந்த வெட்டுக்காரர்கள் பதினொருவர். கிளை வெட்டிப் போடும் வேலை சில நாட்களுக்கு இருந்தது. அதன்பின், "வேலை வந்தால் கூப்பிடுகிறோம்" என்று சொல்லப்பட்டது. விழுந்த மரங்களின் எண்ணிக்கை தாளில் இருந்தது. அந்த மரங்களை வெட்டிப் பிழைத்த பதினொரு பேரின் பெயருக்கு அதில் கட்டமே இல்லை.

இது ஒரு தோட்டத்து விஷயம் என்று தள்ளிவிடலாகாது. காற்று எங்கும் அடிக்கிறது. 2014 அக்டோபரில் நம் பக்கத்து பெண்டாங் வட்டாரத்தில், கம்போங் ஆலோர் பெசாரில், வயல்வெளி நடுவே சுழல்காற்று தூணைப்போல் எழுந்து நின்றதை நாடே படத்தில் பார்த்தது. மலாய்க்காரர்கள் அதைப் 'புத்திங் பெலியோங்' என்பார்கள். நம் பெரியவர்கள் 'பேய்க்காற்று' என்பார்கள். 2019 ஆகஸ்டில் லெகிமா சூறாவளி எங்கோ தொலைவில் சீனக்கரையைத் தாக்கியது. அதன் வாலடி கெடா, பெர்லிஸ், பினாங்கு மாநிலங்களில் விழுந்து வீடுகளின் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. 2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி ஜெராய் மலையிலிருந்து பாறையும் மரமுமாக இறங்கிய வெள்ளம் யான், குருண், மெர்போக் வட்டாரங்களைத் தாக்கி உயிர்களையும் பலிகொண்டது. இனியும் இப்படி வராது என்று சொல்ல எவருக்கும் துணிவில்லை.

சரி, சேதத்தைக் கணக்கெடுப்பது எப்படி? உலகில் இதனை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்திருக்கிறார்கள். சுழல்காற்றின் நடுவில் கருவியை வைத்து வேகத்தை அளப்பது எளிதன்று, கருவியே பறந்துவிடும். ஆகையால் காற்று போன பிறகு, அது விட்டுச்சென்ற சேதத்தைப் பார்த்து அதன் வேகத்தை மதிப்பிடுகிறார்கள். இம்முறையை வகுத்தவர் ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் சிகாகோ சர்வகலாசாலையில் பணிபுரிந்த புஜிதா என்னும் அறிஞர். 1945இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்த இடங்களுக்குச் சென்று, மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்று குறித்தவர் அவர். 1971இல் சுழல்காற்றை வகைப்படுத்தும் அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். 1974 ஏப்ரலில் ஒரே நாளுக்குள் 148 சுழல்காற்றுகள் அமெரிக்காவின் 13 மாநிலங்களில் வீசியபோது, விமானத்தில் பறந்து பறந்து அவற்றின் தடங்களை வரைந்தார். அந்த அளவுகோல் பின்னர் திருத்தப்பட்டு 2007 முதல் அங்கு நடைமுறையில் இருக்கிறது. வீடு, பள்ளிக்கூடம், கொட்டகை, மரம் என 28 வகைப் பொருட்களின் சேதத்தை வைத்து 0 முதல் 5 வரை தரம் பிரிக்கிறார்கள். 2011 ஏப்ரல் மாதக் கடைசியில் நான்கு நாட்களுக்குள் சுமார் 360 சுழல்காற்றுகள் வீசி, 300க்கும் அதிகமானோர் மாண்டபோது, அலபாமா முதலிய மாநிலங்களின் குக்கிராமங்கள் வரை ஆட்கள் நடந்து சென்று பார்த்தார்கள்.

இம்முறையில் ஒரு குறையும் உண்டு. அதுவே நமக்குப் பாடம். 2013 மே 31ஆம் தேதி ஓக்லஹோமாவில் எல் ரீனோ என்னும் ஊரருகே வீசிய சுழல்காற்று நான்கு கிலோமீட்டருக்கு மேல் அகலமானது. ராடார் கருவி அதன் வேகத்தை மணிக்கு ஏறத்தாழ 480 கிலோமீட்டர் என்று காட்டியது. ஆனால் அது பெரும்பாலும் வெறும் வயல்வெளியில் போனதால், இடிந்து விழக் கட்டடங்கள் அதிகமில்லை. இறுதியில் அதற்குக் கொடுக்கப்பட்ட தரம் 3 மாத்திரமே. காற்று எவ்வளவு கொடிதாக இருந்தாலும், எண்ணுவதற்கென்று வைத்திருக்கும் பொருளின் மீது அது படாவிட்டால் ஏட்டில் அது சிறிய காற்றுதான். தோழர்களே, நம் தோட்டங்களிலும் இதுதானே நடக்கிறது? மரமும் ஸ்டோரும் மட்டும் எண்ணுகிற தாளில், ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சோறு போனது சேதமாகவே ஏறாது.

தமிழ்நாட்டிலும் இதைக் கண்டோம். 2018 நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் தென்னந்தோப்புகளைப் படுக்க வைத்துவிட்டது. சாய்ந்த தென்னை ஒன்றுக்கு, அகற்றும் செலவையும் சேர்த்து 1,100 ரூபாய் என்று அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. தென்னை வைத்திருந்தவர் மரத்தை எண்ணிக் காட்டலாம். அந்தத் தென்னையில் ஏறிக் காய் பறித்தவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த பெண்கள் எதை எண்ணிக் காட்டுவார்கள்? குடிசை போனவர்க்குத் தனி உதவி இருந்தது உண்மை. ஆனால் வருங்காலப் பிழைப்பு போனதை எண்ண ஒரு கட்டம் மரக்கணக்கில் இல்லை. மரத்துக்கு விலை உண்டு, மரத்தை நம்பிப் பிழைத்தவனுக்கு விலை இல்லை என்ற நிலை, தென்னையானாலும் ரப்பரானாலும் ஒன்றுதான்.

நிர்வாகத்துக்கு நஷ்டமே இல்லை என்று நாம் வாதாடவில்லை. ஒரு ரப்பர் மரம் கத்தி பிடிக்கும் பருவத்துக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் தரவேண்டிய மரம் நடுவில் முறிந்தால், அது பெரிய நஷ்டமே. ஆனால் காற்றுச் சேதம் முழுவதும் தெய்வச் செயல் என்று சொல்லிவிடவும் முடியாது. ஆர்.ஆர்.ஐ.எம். 501, 623 போன்ற சில ரகங்கள் காற்றுக்கு எளிதில் முறியும் என்பது ரப்பர் ஆராய்ச்சிக்காரர்களுக்கு நெடுநாட்களாகத் தெரிந்த செய்தி. எந்த நிலத்துக்கு எந்த ரகம் என்று பார்த்து நடும்படி 1970களிலேயே ஆராய்ச்சிக் கழகம் யோசனை கூறியிருக்கிறது. தலை கனத்த மரம், பிளந்து நிற்கும் கவை, வெள்ளை வேர் நோய் பிடித்த மரம், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் வேர் ஆழம் போகாத மரம் ஆகியவைதான் முதலில் விழும். எந்த மரம் விழும் என்று நிரையில் தினமும் நடக்கிற வெட்டுக்காரருக்குத் தெரியும். அவரைக் கேட்பார்தான் இல்லை. கூரையும் அப்படியே. ஆணி துருப்பிடித்து, சட்டம் உளுத்துப் போன கூரையைக் காற்று தூக்குவதற்குப் பேய்க்காற்றாக இருக்க வேண்டியதில்லை. பறக்கும் தகரம் கத்தியைப்போல் ஆளை வெட்டும் என்பதையும் மறக்கலாகாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். தொழிலாளருக்குத் தெரியாததால் பயன்படாமல் கிடக்கும் பகுதிகள் சில இருக்கின்றன.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தோட்டத் தொழிலாளருக்கென்றே எழுதப்பட்டது. வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டுக் கூலி பெறும் தோட்டத் தொழிலாளிக்கு, மாதத்தில் 24 நாட்களுக்குக் குறையாமல் முதலாளி வேலை கொடுக்க வேண்டும். தொழிலாளி வேலைக்குத் தயாராயிருந்தும் முதலாளியால் கொடுக்க இயலாவிட்டால், அந்த நாட்களுக்கும் வேலை செய்ததைப்போலவே கூலி கொடுக்க வேண்டும். தகராறு எழுந்தால் தொழிலாளர் இலாகாவிடம் கொண்டுபோகலாம். "வேலை வந்தால் கூப்பிடுகிறோம்" என்று சொல்லி அனுப்பப்பட்ட அந்தப் பதினொரு பேருக்கும், நமக்கும், அன்று இது நினைவில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

வீட்டு விஷயத்தில் 1990ஆம் ஆண்டின் 446ஆம் எண் சட்டம் இருக்கிறது. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தைப் பற்றிய இச்சட்டம், குடியிருப்பை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைக்கும் பொறுப்பை முதலாளி மீது சுமத்துகிறது. காற்றடித்த பிறகு தகரம் போடுவது தர்மம் செய்வதாகாது, அது கடமை.

வேலையில் அடிபட்டால் சொக்சோ உண்டு. மரம் வெட்டும்போது கிளை விழுந்தாலும், வேலையிடத்தில் அவசர ஆபத்து நேர்ந்தபோது பிறரைக் காப்பாற்றப் போய் அடிபட்டாலும், 1969ஆம் ஆண்டுச் சட்டம் அதனை வேலை விபத்தாகவே கொள்கிறது. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் வேலை விபத்துப் பாதுகாப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். மேலும், 2024 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் திருத்தம் ஓர் உரிமையைத் தந்திருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து உண்டென்று நம்ப நியாயமான காரணம் இருந்து, அதை முதலாளியிடம் தெரிவித்தும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம். காற்றில் பாதி முறிந்து, மேலே கிளை தொங்கும் காட்டுக்குள் மறுநாள் விடியற்காலை இருட்டில் வெட்டுக்கு அனுப்பப்படும்போது இந்த உரிமையை நினைவில் கொள்ளுங்கள். முதலில் மண்டோரிடம் சொல்லுங்கள். சொன்ன நேரத்தைக் குறித்து வையுங்கள்.

சட்டம் இருந்தும் பயன் பெற வேண்டுமானால் சாட்சி வேண்டும். சாட்சி என்பது அந்தக் கணக்குத் தாள்தான். ஆகையால் கீழ்க்கண்டவற்றைச் சங்கக் கிளைகளின் யோசனைக்கு வைக்கிறோம்.

(1) ஒவ்வொரு டிவிஷனிலும் வெட்டுக்காரர் ஒருவர், பெண் தொழிலாளி ஒருவர், கிராணி ஒருவர் கொண்ட மூவர் குழுவை இப்போதே அமைத்து வைக்க வேண்டும். காற்று வந்தபின் குழு அமைக்க நேரம் கிடைக்காது.

(2) எதையும் அகற்றுவதற்கு முன் படம் எடுக்க வேண்டும். இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. தேதியும் நேரமும் வீட்டு நம்பரும் தெரியும்படி எடுங்கள். அறுந்து தொங்கும் மின்கம்பியின் அருகில் மட்டும் எவரும் போகவேண்டாம்.

(3) மரங்கள் எந்தத் திசையில் சாய்ந்தன என்று குறியுங்கள். எல்லாம் ஒரே பக்கமோ, விசிறியைப்போல விரிந்தோ கிடந்தால் மேலிருந்து இறங்கிய நேர்க்காற்று. ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகக் குறுகிய தடத்தில் கிடந்தால் சுழல்காற்றாக இருக்கலாம். வானிலை இலாகாவுக்கு எழுதும்போது இது உதவும்.

(4) மரக்கணக்கின் பக்கத்திலேயே நிரைக் கணக்கும் வரவேண்டும். எந்த நிரை போயிற்று, அதை வெட்டியவர் யார், எத்தனை நாள் வேலை இழந்தார், மாற்று வேலை என்ன கொடுக்கப்பட்டது, என்ன கூலி என்று எழுதுங்கள்.

(5) லயத்தில் குடியிருக்கும் அனைவரையும் எழுதுங்கள். ஓய்வு பெற்ற முதியோர், கணவனை இழந்தோர், வங்காளதேசம், இந்தோனேசியா, நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்து நம்மோடு மரம் வெட்டுவோர் எவரும் விடுபடக்கூடாது. நம் பாட்டன்மாரும் ஒரு காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய அந்நியரே.

(6) ஒரு பிரதி நிர்வாகத்துக்கும், ஒரு பிரதி சுங்கைப் பட்டாணியிலுள்ள கோல மூடா மாவட்ட அலுவலகத்துக்கும், ஒரு பிரதி சங்கத்துக்கும் போக வேண்டும். தோட்டம் தனியார் நிலம் என்று கூறி வெளி உதவி வாசலோடு நின்றுவிட இடம் கொடுக்கலாகாது.

கிராணித் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. துரை ஒரு பக்கம், தொழிலாளி ஒரு பக்கம், நடுவில் நாம் என்று பழகிவிட்டோம். வேலை போய்விடுமோ என்ற அச்சம் நமக்கும் உண்டு; குடும்பம் நமக்கும் உண்டு. கணக்கைக் கூட்டி எழுதும்படி எவரும் கேட்கவில்லை. ஐந்து தகரம் போன வீட்டுக்கு ஐம்பது தகரம் என்று எழுதினால், அடுத்த முறை உண்மையான கணக்கையும் எவரும் நம்பமாட்டார்கள். உள்ளதை உள்ளபடி எழுதுவோம். கட்டம் இல்லாவிட்டால் அடியில் எழுதுவோம். அடியில் எழுதியதை அழிக்கச் சொன்னால், அழிக்கச் சொன்னவர் கையெழுத்தைக் கேட்போம். அன்று நாம் இதைச் செய்யவில்லை. அந்தப் பாட்டியின் பின்கட்டுக்கு லயத்துப் பிள்ளைகளே பழைய தகரம் தேடி வந்து கூரை போட்டார்கள். அவர் இன்று நம்மிடையே இல்லை. அவருடைய கேள்விக்கு விடை சொல்லும் கடன் இன்னும் நம் தலைமேல் இருக்கிறது.

அடுத்த காற்று எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. அது வருமுன், வருகிற கிளைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள். மூவர் பெயரை எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்கள். காற்றடித்த மறுநாள் காலை, ஆபீசிலிருந்து தாள் வருவதற்கு முன்பே நம் கையில் நம் கணக்கு இருக்கட்டும்!